களையை நடுவது

போன சித்திரையில் ஜெயமங்கலத்திலிருந்து மாமா போன் செய்தார். புது வீடு கட்டி முடித்து காம்பவுண்டும் எழுப்பியாகிவிட்டது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது.

"மாப்ள, லான் போடலாம்னு இருக்கேன். ஒருத்தன் வெதை தூவுங்கறான். ஒருத்தன் கார்பெட்டு மாதிரி கொண்டாந்து விரிச்சுத் தர்றேங்கறான். தோட்ட வேலைக்கு வர்றவரு, புல்ல நறுக்கி நட்டாப் போதும்ங்கறாரு. நீ கம்ப்யூட்டர்ல பாத்து எது சரின்னு சொல்லு."

மென்பொருள்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அட்டவணை போட்டேன். விதை, நறுக்கு, பத்தை, சாந்து என்று நான்கு வரிசை. செலவு, நாள், ஆள், தண்ணீர் என்று நான்கு பத்தி. அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாச்சி கேட்டாள்.

"என்ன புல்லுடா நடப்போறீக?"

"அருகம்புல்லு அம்மாச்சி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இந்தப் புல்லப் புடுங்கித்தானடா இந்தக் கையி இப்பிடிக் கெடக்கு."

அந்த மூன்று சென்டும் சமீப காலம் வரை நெல் வயல். வராகநதித் தண்ணீர் பாய்ந்த இடம். அம்மாச்சி நாற்பது வருஷம் அங்கே களை எடுத்திருக்கிறாள். வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கும் அருகைப் பிடுங்கி வெயிலில் போடுவது அவளுடைய வேலைகளில் ஒன்று. இப்போது அதே இடத்தில் அதே புல்லைக் காசு கொடுத்து நடப்போகிறோம். இது எப்படி நடந்தது என்று யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. என் அட்டவணையின் நான்கு வரிசைகளுக்கும் ஒரு வரலாறு இருந்தது. அதில் பாதி, அம்மாச்சியின் கையில் இருந்தது.

*

நம் ஊர்களில் வீட்டுக்கு முன்னால் புல் இருப்பது அழகில்லை. வாசல் என்றால் கூட்டிப் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்ட வெறும் மண். நெல் காயப்போடவும், கட்டில் போட்டுப் படுக்கவும், பூச்சிபொட்டு வந்தால் கண்ணில் படவும் அது வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு வீட்டைக் காட்டி "வாசல்ல புல்லு முளைச்சிருச்சு" என்று சொன்னால், அங்கே குடியிருக்க ஆளில்லை என்று பொருள்.

ஆனால் அருகம்புல் மட்டும் மங்கலப் பொருள். பிள்ளையாருக்கு அதுதான் மாலை. கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்ற வேண்டும் என்று வாழ்த்துகிறோம். இந்த வாழ்த்தை முதலில் சொன்னவர் ஒரு சம்சாரியாகத்தான் இருந்திருப்பார் என்பது என் சந்தேகம். எத்தனை தடவை பிடுங்கியும் போகாத ஒன்றைப் பார்த்துச் சலித்தவருக்குத்தான் அதன் வேரைப் பற்றி அவ்வளவு மரியாதை வரும்.

புல்லை வெட்டிப் படுக்கை மாதிரி பரப்பி வைத்து அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றிப் புல்வெளிகள் விரிந்தன. ஆடுகள் மேய்ந்து மட்டமாக்கும். மாளிகைக்குப் பக்கத்தில் ஆட்கள் வரிசையாக நின்று நீண்ட பிடி போட்ட அரிவாளால் அறுப்பார்கள். சாப்பாட்டுக்கு எதையும் விளைவிக்காத நிலத்தை இத்தனை பேரை வைத்துப் பராமரிக்க முடிகிறது என்பதே அங்கே அந்தஸ்து. 1830ல் க்ளாஸ்டர்ஷையரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணி ஆலையில், நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவி எடுக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து வந்த யோசனை அது. அதன் பிறகுதான் நடுத்தர வர்க்க வீட்டுக்கும் லான் வந்தது. பெரிய இயந்திரங்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பதிந்து தரை கெடாமலிருக்க அவற்றுக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள்.

அங்கே லான் போடும் முறை இரண்டு. ஆடு மேய்ந்து இறுகிய மேய்ச்சல் நிலத்தைப் பத்தை பத்தையாக வெட்டிக்கொண்டு வந்து பதிக்கலாம். அல்லது விதை தூவலாம். வருஷம் முழுக்கத் தூறலும் குளிரும் இருக்கிற ஊரில் விதை தானாக முளைத்துக்கொள்ளும்.

*

இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு லான் வேண்டியிருந்தது. பங்களா, சர்ச், கிளப் எல்லாவற்றுக்கும் முன்னால். ஆனால் சமவெளியில் அவர்களுடைய புல் நிற்கவில்லை. காரணம் எளிது. ஃபெஸ்க்யூ, ரை போன்ற இங்கிலாந்துப் புற்கள் குளிர்ப் பிரதேசத்துக்காரை. நெல், கோதுமையைப் போலவே அவையும் காற்றிலுள்ள கரியமில வாயுவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் அவற்றின் உணவு தயாரிக்கும் வேலையில் விரயம் கூடிவிடும். அருகம்புல் வேறு கட்சி. சோளம், கம்பு, கரும்பு மாதிரி கரியமில வாயுவை முதலில் ஒரு இடத்தில் சேர்த்து, அடர்த்தியாக்கி, பிறகு பயன்படுத்தும். வெயில் அதற்கு உரம். நிழல்தான் விஷம். நம் சித்திரை வெயிலில் பச்சையாக இருந்த அந்தப் புல்லைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

அந்தப் புல்லை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. அது தினமும் அவர்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்துகொண்டிருந்தது. கம்பெனிக் காலத்திலிருந்தே குதிரை வைத்திருந்தவர்களிடம் குதிரைக்காரர் ஒருவரும், குதிரைக்குப் புல் கொண்டுவர ஒருவரும் வேலைக்கு இருப்பார்கள். புல் கொண்டுவருபவருக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கிராஸ்கட்டர்'. 1886ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்துஸ்தானிச் சொல் ஒன்று இருக்கலாம் என்கிறது. அதோடு ஒரு தகவலையும் தருகிறது. வடக்கே இந்த வேலையை ஆண்கள் செய்தார்கள். தெற்கே குதிரைக்காரரின் மனைவி செய்தார். அதாவது நம் பக்கத்தில் வரப்பு வரப்பாகப் போய் அருகை வேரோடு செதுக்கி, மண்ணை உதறிக் கட்டாகக் கட்டிச் சுமந்து வந்தது பெண்கள். லாயத்துக்கு வந்த அந்தக் கட்டிலிருந்து உதிர்ந்த கணுக்கள் தோட்டத்தில் தானாகவே பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இதை ஆதாரமாகச் சொல்லவில்லை. அருகைத் தெரிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

1860களில் வங்காளத்தில் பாதிரியாராக இருந்த ஃபர்மிங்கர் என்பவர் இந்தியாவில் தோட்டம் போடுவதற்கு ஒரு கையேடு எழுதினார். பல பதிப்புகள் கண்டு பல பத்தாண்டுகள் புழங்கிய புத்தகம். லான் போட அவர் சொல்லும் வழி எந்த ஆங்கிலேயத் தோட்டக்காரரையும் திடுக்கிட வைத்திருக்கும். அருகை வேரோடு பிடுங்கிப் பொடியாக நறுக்க வேண்டும். குழைத்த சேற்றில் கலக்க வேண்டும். அந்தச் சாந்தைத் தரையில் மெல்லிசாகப் பூச வேண்டும். அவ்வளவுதான்.

இன்றைக்கும் நம் தோட்டக்கலை மாணவர்கள் 'டர்ஃப் பிளாஸ்டரிங்' என்ற பெயரில் இதைப் படிக்கிறார்கள். சேற்றோடு பச்சைச் சாணமும் சேரும். ஒரு அங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். திண்ணையும் தரையும் சாணி போட்டு மெழுகிய எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்பதற்குச் சாட்சியம் கிடையாது. கை மட்டும் ஒரே கைதான்.

*

சாந்து முறை ஏன் வேலை செய்கிறது? இதற்குப் பதில், அருகு ஏன் இவ்வளவு மோசமான களை என்பதில் இருக்கிறது.

அருகுக்கு இரண்டு வகைத் தண்டு. ஒன்று தரைமேல் ஓடும். மற்றது மண்ணுக்கடியில் ஓடும். இரண்டிலும் கணுவுக்குக் கணு ஒரு மொட்டு. கணு மண்ணைத் தொட்டால் வேர் விடும், துளிர் விடும். ஏர் ஓட்டினால் கொழுமுனை அந்தத் தண்டைப் பத்துத் துண்டாக வெட்டி வயல் முழுக்க இழுத்துப் போடும். ஈரம் இருந்தால் பத்தும் பத்துச் செடி. அருகு படர்ந்த நிலத்தை மழைக்காலத்தில் உழுதால் நாமே நட்டுவிட்ட மாதிரி. அதனால்தான் சம்சாரிகள் கோடை உழவு போட்டார்கள். வெயிலில் கிழங்கையும் வேரையும் மேலே புரட்டிப்போட்டு, காய்ந்ததைப் பொறுக்கி எரித்தார்கள்.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் லான் போடும் முறை வந்துவிடுகிறது. உழவன் பயப்படுவதெல்லாம் தோட்டக்காரனுக்கு வேண்டும். துண்டாக்கு, ஈரத்தில் போடு, மண்ணைத் தொடவிடு. நானூறு சதுர அடிக்கு லான் போடுபவரும் நாலு குழியில் களை அழிப்பவரும் ஒரே அறிவை எதிரெதிர்த் திசையில் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது என் அட்டவணைக்கு வருகிறேன்.

விதை. அருகம்புல் விதை பொடியிலும் பொடி. ஒரு கிலோவில் சுமார் 40 லட்சம் இருக்கும். மணலோடு கலந்துதான் தூவ முடியும். கொஞ்சம் ஆழத்தில் போனால் முளைக்காது. மேலே கிடந்தால் காற்றும் எறும்பும் கொண்டுபோகும். முளைக்கும்வரை பூவாளியால் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். கையில் பணமும் ஆளும் குறைவு, நாளும் பொறுமையும் அதிகம் என்பவர்களுக்கு இது.

நறுக்கு நடுவது. கணுக்கள் உள்ள தண்டுகளைச் சிறு சிறு கற்றையாக எடுத்து, ஈர மண்ணில் நாலு அல்லது ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றுவது. தரை மூட மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும். குனிந்து வரிசையாகப் பின்னோக்கி நகரும் வேலை. நாற்று நடவேதான்.

பத்தை. வேறெங்கோ வளர்ந்த புல்லை மண்ணோடு சதுரமாக வெட்டிவந்து, ஓடு பதிக்கிற மாதிரி பதித்துக் கட்டையால் தட்டிச் சமன் செய்வது. அன்றைக்கே பச்சை. செலவு அதிகம். வந்த மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்தால் அதுவும் நம்முடையது. நர்சரிகளில் கொரியன், மெக்சிகன் என்று விற்கும் மெத்தை மாதிரியான புற்கள் பெரும்பாலும் இப்படித்தான் வீடு வந்து சேர்கின்றன.

சாந்து. மேலே சொன்னது. சின்ன இடத்துக்குச் சரி. இப்போது சாணம் கிடைப்பதும் பாடு.

எந்த முறையானாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடத்தை நன்றாகக் கொத்திக் கோரையை எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டு மிச்சக் களைகளை முளைக்கவிட்டு மறுபடி கொத்த வேண்டும். வீட்டிலிருந்து வெளியே வாட்டம் வைத்துச் சமப்படுத்த வேண்டும். நடவுக்கு முன்னால் சேறடித்து மட்டப்பலகை ஓட்டுவதை ஒருதரம் பார்த்தவருக்கு இதுவும் புதிதில்லை.

*

பழைய நறுக்கு முறையை நவீன அறிவியல் ஓரங்கட்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது தலைகீழ். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் க்ளென் பர்ட்டன் என்ற புல் விஞ்ஞானி அருகம்புல்லை ஆப்பிரிக்காவின் இன்னொரு அருகு இனத்தோடு ஒட்டுச் சேர்த்தார். 1956ல் வந்த டிஃப்கிரீன், 1960ல் வந்த டிஃப்வே முதலிய ரகங்கள் உலகம் முழுக்க கோல்ஃப் மைதானங்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் போயின. கோவேறு கழுதை மாதிரி அவை மலட்டு ரகங்கள். விதை பிடிக்காது. எனவே இன்றைக்கும் கோடிக்கணக்கில் செலவு செய்யும் மைதானங்களில் அவற்றைத் துண்டு துண்டாக நட்டே வளர்க்கிறார்கள், அல்லது பத்தையாகப் பதிக்கிறார்கள். இயந்திரம் நடுகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இந்த பர்ட்டனுக்கும் நமக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பு வரிசையை வைத்துத்தான் 1965ல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு ஹெச்பி-1 வந்தது. விளைச்சல் குதித்தது. சில வருஷங்களில் அடிச்சாம்பல் நோய் அதை வாரிக்கொண்டும் போனது. நிலம் முழுக்க ஒரே ரகம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். லானும் ஒரே ரகத்தின் நிலம்தான்.

*

ஜெயமங்கலத்திலிருந்து வடக்கே பார்த்தால் பழனி மலை சுவர் மாதிரி நிற்கும். லான் கதையின் அடுத்த பாதி அங்கே மேலே இருக்கிறது.

1845ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளி வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் பாதையில் டோலியிலும் நாற்காலியிலும் அவர்களைச் சுமந்துபோனது கீழ்நாட்டு ஆட்கள். அதே காலத்தில் நீலகிரியிலும் இது நடந்தது. 1848ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் மெக்ஐவர், ஊட்டியில் காய்கறித் தோட்டமாக ஆரம்பித்ததைத் தாவரவியல் பூங்காவாக மாற்றினார். இன்றைக்கு நாம் உருண்டு விளையாடிப் போட்டோ எடுக்கும் புல்சரிவுகள் உள்ள தோட்டம் அதுதான். மலையில் குளிர் இருந்தது. சீமைப் பூவும் சீமைப் புல்லும் அங்கே நின்றன. ஊர் இங்கிலாந்து மாதிரி ஆனது.

பிறகு கிக்குயு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்க உயர்நிலத்துப் புல், கென்யாவின் கிக்குயு மக்களின் பெயரால் அழைக்கப்படுவது. பூவை இலையுறைக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பதால் தாவரவியலில் 'மறைவானது' என்று பொருள்படும் பெயர். ஒரு துண்டை நட்டால் மெத்தை மாதிரி அடைத்து வளரும். வேறெதையும் முளைக்கவிடாது. லானுக்கு நல்ல குணம். வேலிக்கு வெளியே கெட்ட குணம்.

இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், வந்தவர்கள் இறங்கிய இடமே ஒரு புல்வெளி. பழனி மலை உச்சியில் பள்ளங்களில் சோலைக் காடும் மேடுகளில் புல்லும் பல ஆயிரம் வருஷங்களாக இருந்தன. யாரும் விதைக்காத, யாரும் வெட்டாத, பல இனங்கள் கலந்த புல். அது தரிசு என்று கணக்கெழுதப்பட்டது. வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்ததை விடுதலைக்குப் பிறகு நாம் இன்னும் பெரிதாகச் செய்தோம். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், கூழுக்கும் ரேயானுக்கும் யூகலிப்டஸ், பிறகு பைன். மலையில் இருந்த புல்லை மரம் வைத்து மூடிவிட்டு, ஊருக்குள் மரத்தை வெட்டி ஆப்பிரிக்கப் புல்லை நட்டு அழகு பார்த்தோம். மேட்டுப் புல்லும் சோலையும் மழையைப் பிடித்து மெல்லக் கீழே விடும். வராகநதி அந்த மலைகளிலிருந்து வருகிறது. வாட்டிலுக்கு எதிராக இன்று அங்கே பேசுபவர்கள் கீழே இருக்கும் வயல்களுக்காகவும்தான் பேசுகிறார்கள்.

சில வருஷங்களாகப் பழனி மலையிலும் நீலகிரியிலும் சிலர் அந்தப் பழைய புற்களை மீட்க முயல்கிறார்கள். வாட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் கிடக்கும் வாட்டில் விதை உடனே முளைத்துவிடும். எனவே சொந்தப் புல்லினங்களைத் தேடி எடுத்து, நாற்றங்காலில் பெருக்கி, கற்றை கற்றையாகக் கையால் நடுகிறார்கள். குனிந்து, வரிசையாக.

*

மாமாவுக்கு நறுக்கு முறையைத்தான் சொன்னேன். மூன்று சென்டிலும் வேண்டாம், ஒன்றரை சென்ட் போதும், மீதியில் இரண்டு மாவும் ஒரு நெல்லியும் வைக்கலாம் என்றேன். மரத்து நிழலில் அருகு வராது, அதனால் மரங்களை வடக்கு ஓரமாக வைக்கச் சொன்னேன். பத்தை வாங்கினால் ஆகும் செலவில் பாதிதான் ஆகும், ஆனால் புரட்டாசி வரை பொறுக்க வேண்டும் என்றேன். கோடையில் லானுக்கு விடும் தண்ணீர் போர்த் தண்ணீர். அதை அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும். "பாப்போம் மாப்ள" என்றார். பாப்போம் என்றால் எங்கள் ஊரில் பல பொருள் உண்டு.

ஆடியில் நட்டார்கள். நான் போகவில்லை. மாமா வீடியோ அனுப்பினார். நட வந்தவர்கள் நாலு பெண்கள். நாலு பேரும் பக்கத்து வயல்களில் நாற்று நடப் போகிறவர்கள். புல்லும் வெளியே வாங்கவில்லை. எதிர் வரப்பில் செதுக்கியது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கயிறு பிடித்து, ஒரே சீராகப் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி நடவுப் பாட்டை ஆரம்பித்து, மற்றவர்கள் சிரித்ததும் நிறுத்திவிட்டாள். நெல் நடவுக்கு என்ன கூலியோ அதையே கொடுத்ததாக மாமா சொன்னார்.

வீடியோவின் கடைசியில் அம்மாச்சியின் குரல் கேட்கிறது. அவள் படத்தில் இல்லை. தாழ்வாரத்தில் இருந்து சொல்கிறாள்.

"ஏத்தா, கொஞ்சம் நெருக்கி நடுங்கடீ. எடைவெளில கோரை வந்துரும்."